மருந்துக்கு மசியாத கிருமிகளும் புதிய ஆன்டிபயாடிக்குகளும்: ஆய்வகம் முதல் சந்தை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளில் இத்தனை ஆன்டிபயாடிக்குகள் இருக்கும்போது புதிது எதற்கு?

ஐசியு நோயாளியின் கல்ச்சர் ரிப்போர்ட் ஒன்றைப் பார்த்தால் போதும். ரத்தத்தில் கிளெப்சியெல்லா வளர்ந்திருக்கிறது என்று மேலே எழுதியிருக்கும். கீழே பதினைந்து, இருபது மருந்துகளின் பெயர்கள். மெரோபெனம் உட்பட ஒவ்வொன்றுக்கும் நேரே ‘ரெசிஸ்டன்ட்’. கடைசியில் மிஞ்சுவது கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே ஓரங்கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுக்கப்பட்ட பழைய மருந்து அது.

2021-ல் மருந்தெதிர்ப்புக் கிருமிகளே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 11.4 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது சர்வதேச ஆய்வுக் குழுவின் மதிப்பீடு. ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் 47.1 லட்சம்.

எல்லாக் கிருமிக்கும் ஒரே அளவு நெருக்கடி இல்லை. மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியான எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு வான்கோமைசின், லினசோலிட், டாப்டோமைசின் என்று கையில் சில மருந்துகள் உண்டு. சிக்கல் பெரும்பாலும் கிராம்-நெகட்டிவ் எனப்படும், இரண்டு சவ்வுகள் கொண்ட கிருமிகளில்தான். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் திருத்திய பட்டியலில் ‘மிக அவசரம்’ என்ற பிரிவில் இருப்பவை: கார்பபெனத்துக்கு (மெரோபெனம் சேர்ந்த மருந்து வகை) மசியாத அசினிடோபாக்டர், கார்பபெனத்துக்கோ மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரினுக்கோ மசியாத ஈ. கோலை, கிளெப்சியெல்லா குடும்பம். ரிஃபாம்பிசினுக்கு மசியாத காசநோய்க் கிருமி.

என்.டி.எம். என்கிறார்களே, அது என்ன?

நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ் என்பதன் சுருக்கம். கார்பபெனம் உட்பட ஏறக்குறைய எல்லா பீட்டா-லாக்டம் மருந்துகளையும் (பென்சிலின் சேர்ந்த பெருங்குடும்பம்) உடைக்கும் நொதி. அதன் செயல்மையத்தில் துத்தநாக அணுக்கள் இருக்கின்றன. அதனால், மற்ற பீட்டா-லாக்டமேஸ்களை அடக்கும் மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008-ல் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2010-ல் வெளியான ஆய்வில் சென்னையில் சேகரித்த கிருமிகளில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 இந்த மரபணுவைச் சுமந்திருந்தன. ஊர்ப் பெயரை நொதிக்கு வைத்தது குறித்து அன்று பெரிய சச்சரவு. ஆனால் 2012-ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான ‘சென்னைப் பிரகடனம்’ உருவாக்கியதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

புதிய மூலக்கூறு கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் (ஜி.எஸ்.கே.) நிறுவனத்தின் அனுபவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமியின் மரபணு வரிசை கையில் கிடைத்ததும், எந்தெந்தப் புரதம் இல்லாவிட்டால் கிருமி சாகும் என்று பட்டியலிட்டு, 1995 முதல் 2001 வரை 70 பெரிய சல்லடைத் தேடல்களை நடத்தினார்கள். ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான சேர்மங்கள். தேறிய தொடக்க மூலக்கூறுகள் வெறும் ஐந்து.

புரதத்தைத் தனியே பிரித்துக் குழாயில் வைத்து அடக்குவது எளிது. அதே சேர்மத்தை உயிருள்ள கிருமிக்குள் நுழைப்பதுதான் பாடு. கிராம்-நெகட்டிவ் கிருமிக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வின் வெளிப்புறம் லிப்போபாலிசாக்கரைடு நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் எண்ணெய்ப்பசையுள்ள மூலக்கூறுகள் எளிதில் புக முடியாது. நீரில் கரைபவை போரின் என்ற துளை வழியே போகலாம். ஆனால் எடை சுமார் 600 டால்டனுக்கு மேல் போனால் அந்த வழியும் அடைபடும். தப்பி உள்ளே போனதை, மூன்று பாகங்கள் கொண்ட வெளியேற்றும் பம்ப்புகள் அள்ளி வெளியே கொட்டிவிடும். மருந்து நிறுவனங்களின் சேர்மக் கிடங்குகளோ மனித உடலுக்கான மாத்திரைகளை மனத்தில் வைத்துச் சேர்த்தவை. இந்தச் சவ்வைத் தாண்டும் குணம் அவற்றில் அபூர்வம்.

ஆய்வக நிலையில் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார்கள்?

முதல் படி எம்.ஐ.சி. எனப்படும் குறைந்தபட்சத் தடுப்பு அளவு. 96 குழித் தட்டில் மருந்தை ஒவ்வொரு குழிக்கும் பாதியாக்கிக்கொண்டே போய், மில்லிலிட்டருக்கு சுமார் 5 லட்சம் கிருமிகள் வீதம் இட்டு, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வைப்பார்கள். கலங்கல் தெரியாத குழிகளில் மிகக் குறைந்த மருந்து உள்ள குழியின் அளவே எம்.ஐ.சி.

பார்க்க எளிது, தவறுவதும் எளிது. செஃபிடெரோகால் நல்ல எடுத்துக்காட்டு. இரும்பைப் பிடித்துக்கொண்டு, கிருமியின் இரும்பு உறிஞ்சும் வாசல் வழியே உள்ளே போகும் மருந்து அது. சாதாரண ஊடகத்தில் இரும்பு தாராளமாக இருப்பதால் கிருமி அந்த வாசலைத் திறக்க அவசியமில்லை. மருந்து வேலை செய்யாததுபோல் எம்.ஐ.சி. கூடுதலாகக் காட்டும். எனவே ஊடகத்தைப் பிசின் வழியே வடித்து, இரும்பை லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்படி வடிக்கும்போது கால்சியம், மக்னீசியம், துத்தநாகமும் போய்விடும்; அவற்றை அளந்து திரும்பச் சேர்க்க வேண்டும். டாப்டோமைசினுக்குக் கால்சியம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருந்தாக வேண்டும். கொலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அகாரில் சரியாகப் பரவாது என்பதால் வட்டு முறைச் சோதனையை அதற்கு நம்ப முடியாது. தட்டில் நேர்ந்த இந்தப் பிழை பிறகு டோஸ் கணக்கு வரை தொடரும்.

அடுத்தது, எத்தனை கிருமிகளில் ஒன்று தானாகவே எதிர்ப்பு பெறுகிறது என்ற கணக்கு. இதை லேசாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜி.எஸ்.கே. 2251052 சாட்சி. லியூசின் டி.ஆர்.என்.ஏ. நொதி என்ற ஒரே இலக்கைத் தாக்கிய மூலக்கூறு. இரண்டாம் கட்டச் சோதனையில், மதிப்பிட முடிந்த 14 சிறுநீர்த்தொற்று நோயாளிகளில் 3 பேரிடம் சிகிச்சை தொடங்கிய ஓரிரு நாளிலேயே எதிர்ப்புக் கிருமி தலைதூக்கியது. 2012-ல் சோதனை நின்றது. ஒரே இலக்கு என்றால் ஒரே மரபணு மாற்றம் போதும். ஒரே நேரத்தில் இரண்டு புரதங்களைத் தாக்கும் மூலக்கூறுகளை இன்று எல்லோரும் தேடுவது இதனால்தான்.

பிறகு எலியின் தொடைத்தொற்று மாதிரி, அங்கிருந்து டோஸ் கணக்கு, நச்சுச் சோதனை. இங்கே பலி கொள்வது பெரும்பாலும் சிறுநீரகம். சூடோமோனாஸுக்கு எதிரான முரெபவாடின் மூன்றாம் கட்டம் வரை வந்து, சிறுநீரகப் பாதிப்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால் 2019-ல் நிறுத்தப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு புதிய ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்தது என்று செய்தி வருகிறதே?

தேடும் வேகம் கூடியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. எம்.ஐ.டி. குழு 2020-ல் ஹாலிசினையும், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2023-ல் அசினிடோபாக்டரை மட்டும் கொல்லும் அபாசினையும் அறிவித்தது. ஆனால் இவை எலி வரை வந்த மூலக்கூறுகள். நோயாளிக்கான மருந்துகள் அல்ல. தலைப்பில் ‘கண்டுபிடிப்பு’ என்று இருந்தால், மனிதரில் முதல் கட்டச் சோதனை தொடங்கியதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருந்தாக வர, எல்லாம் சரியாகப் போனாலும், பத்தாண்டுக்குக் குறையாது.

மூன்றாம் கட்டச் சோதனைக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும்?

பழைய மருந்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் மோசமில்லை என்று காட்டுவதே வழக்கமான இலக்கு. குணமாகும் விகிதம் 80 சதவீதம், 90 சதவீத உறுதி என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு சுமார் 337 பேர். இரண்டு பக்கமும் சேர்த்து 674. ஆனால் சிறுநீர்த்தொற்றுச் சோதனை என்றால், சேர்த்தவர்கள் எல்லோருடைய சிறுநீரிலும் தேவையான கிருமி வளராது. எனவே ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்த மாதிரிச் சோதனைகளில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இருப்பது சாதாரணக் கிருமிதான். மசியாத கிருமி உள்ளவர் ஐசியு-வில், வென்டிலேட்டரில், ஏற்கெனவே மூன்று மருந்து ஏறிய நிலையில் இருப்பார். அவரைச் சேர்ப்பது பெரும்பாடு. பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்கை கார்பபெனத்துக்கு மசியாத கிருமிகளிடம் சோதிக்க நடந்த ‘கேர்’ ஆய்வில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசீலித்து, சேர்க்க முடிந்தது 39 பேரை. கொலிஸ்டின் தரப்பைவிட முடிவு நன்றாக இருந்தும், எண்ணிக்கை போதாது என்று ரத்தத்தொற்றுக்கான அனுமதியை அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. மறுத்துவிட்டது. எந்த நோயாளிக்காக மருந்து உருவானதோ அவர் பெயர் லேபிளில் வரவில்லை.

சென்னையில் பிறந்த ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது உண்மையா?

உண்மை. எனமெட்டாசோபாக்டம் சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் உருவான மூலக்கூறு. டாசோபாக்டத்தோடு ஒரு மெத்தில் தொகுதி கூடியது. அதனால் அது நேர், எதிர் மின்னூட்டம் இரண்டையும் சுமந்து கிருமிக்குள் எளிதாகப் போகிறது. ஐரோப்பாவின் அலெக்ரா நிறுவனம் உரிமம் பெற்று, செஃபெபீமோடு சேர்த்துச் சோதனைகளை நடத்தியது. ‘அல்லியம்’ எனும் மூன்றாம் கட்டச் சோதனையில் 1,034 பேர் மருந்து பெற்றார்கள். முதன்மைக் கணக்குக்குள் வந்தவர்கள் 678. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுப் பலன் கிடைத்தவர்கள் 79.1 சதவீதம்; பிப்பெராசிலின்-டாசோபாக்டம் பெற்ற தரப்பில் 58.9. 2024 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அனுமதி வந்தது. இடையில் ஆர்கிட் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போய், 2020-ல் தனுகா குழுமத்தின் கைக்கு மாறியிருந்தது.

டோஸ்: செஃபெபீம் 2 கிராம், எனமெட்டாசோபாக்டம் 0.5 கிராம், எட்டு மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் ஏறும் டிரிப்பாக. சிறுநீரகம் மந்தமானால் குறைக்க வேண்டும். தவறினால் செஃபெபீம் மூளையைப் பாதித்துக் குழப்பமும் வலிப்பும் வரலாம். இது இ.எஸ்.பி.எல். (செபலோஸ்போரின்களை உடைக்கும் நொதி) வகைக் கிருமிக்கான மருந்து. என்.டி.எம். கிருமிக்கு உதவாது. மெரோபெனத்தைத் தொடாமல் இ.எஸ்.பி.எல். தொற்றைக் குணப்படுத்த முடிந்தால் மெரோபெனம் இன்னும் சில காலம் பிழைக்கும் என்பதே இதன் முக்கியமான பயன்.

அப்படியானால் என்.டி.எம். கிருமிக்கு என்ன இருக்கிறது?

அஸ்ட்ரியோனாமை என்.டி.எம். நொதியால் உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமி கூடவே வைத்திருக்கும் இ.எஸ்.பி.எல். நொதி உடைத்துவிடும். அவிபாக்டம் அந்தத் துணை நொதியை அடக்கும். இரண்டும் சேர்ந்த அஸ்ட்ரியோனாம்-அவிபாக்டம் 2024-ல் ஐரோப்பாவிலும் 2025 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அது கிடைக்காத இடங்களில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராமையும் அஸ்ட்ரியோனாம் 2 கிராமையும் எட்டு மணிக்கு ஒருமுறை சேர்த்துக் கொடுக்கிறார்கள். இங்கே வார்டில் நடக்கும் தவறு, இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் ஏற்றுவது. அவிபாக்டம் ரத்தத்தில் இல்லாத நேரத்தில் அஸ்ட்ரியோனாம் தனியாக மாட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில், மூன்று மணி நேர டிரிப்பாக ஓட வேண்டும். இந்திய ஈ. கோலையில் இன்னொரு சிக்கலும் உண்டு: கிருமியின் சுவரைக் கட்டும் பி.பி.பி.-3 புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்ட வகைகள் இங்கே பரவலாக உள்ளன. அவற்றில் அஸ்ட்ரியோனாம் சரியாக ஒட்டாது. அதனால் கூட்டு மருந்தையும் ஆய்வகத்தில் சோதிக்காமல் நம்பக் கூடாது.

செஃபெபீமோடு ஜிடெபாக்டம் சேர்ந்த வோக்கார்ட் நிறுவனத்தின் கூட்டு மருந்துமீது இங்கே எதிர்பார்ப்பு அதிகம். ஜிடெபாக்டம் நொதியை அடக்குவதோடு நிற்காமல் பி.பி.பி.-2 புரதத்தைத் தானே தாக்குகிறது. அதனால் நொதி என்.டி.எம். ஆக இருந்தாலும் வேலை நடக்கிறது.

நல்ல மருந்து என்றால் விற்காதா? அக்கேயோஜென் ஏன் திவாலானது?

பிளாசோமைசினை உருவாக்கிய கலிஃபோர்னிய நிறுவனம் அது. 2018 ஜூனில் சிக்கலான சிறுநீர்த்தொற்றுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு மொத்த விற்பனை 10 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 2019 ஏப்ரலில் திவால். ஏலத்தில் உலகின் பெரும்பகுதிக்கான உரிமையை சிப்லாவின் அமெரிக்கக் கிளை சில பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. பல கோடி டாலர் அரசு நிதியும் முதலீட்டாளர் பணமும் போன இடம் அது. அதே ஆண்டு டிசம்பரில் மெலின்டா என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் நிறுவனமும் திவால் மனு போட்டது.

மருந்து மோசம் என்பதால் இது நடக்கவில்லை. புதிய ஆன்டிபயாடிக்கை அலமாரியில் பூட்டி வைத்து, வேறு எதுவும் பலிக்காதவருக்கு மட்டும் எடுப்பதுதான் சரியான மருத்துவம். எடுத்தாலும் ஏழு முதல் பதினான்கு நாள். ரத்த அழுத்த மாத்திரைபோல் ஆயுள் முழுக்க இல்லை. நிறுவனத்துக்கோ விற்ற குப்பிக்கு மட்டுமே பணம். மருத்துவர் கடமையைச் சரியாகச் செய்தால் தயாரிப்பாளர் மூழ்குகிறார். தனிப்பட்ட யாருடைய தவறும் இல்லை. பணம் கொடுக்கும் முறையே தவறு.

அனுமதி கிடைத்த பிறகு மருத்துவமனைகளில் எங்கே தேங்குகிறது?

பெரும்பாலும் ஆய்வகத்தில். தானியங்கிச் சோதனைக் கருவிகளின் கார்டில் புதிய மருந்து சேர ஓரிரு ஆண்டுகள் ஆகிவிடும். ரிப்போர்ட்டில் பெயரே வராத மருந்தை மருத்துவர் எழுதமாட்டார். அதுவரை தனிப் பட்டை, வட்டு வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு, தனி நாள். அமெரிக்காவில் இன்னொரு முட்டுக்கட்டை: நோய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகையாகவே மருத்துவமனைக்குப் பணம் வருகிறது. விலை கூடிய மருந்து மருத்துவமனையின் சொந்தக் கணக்கில் நஷ்டம்.

பெரிய நிறுவனங்கள் இப்போதும் இருக்கின்றனவா?

ஆஸ்ட்ராஜெனிகா 2016-ல் தன் ஆன்டிபயாடிக் தொழிலை ஃபைசரிடம் விற்றது. 2018-ல் நோவார்ட்டிஸ் ஆராய்ச்சியை மூடியது. சனோஃபி தன் பிரிவை எவோடெக்கிடம் ஒப்படைத்தது. ஷியோனோகி, ரோஷ், ஜி.எஸ்.கே. போன்ற சில நிறுவனங்கள் களத்தில் இருக்கின்றன. மற்றபடி ஆரம்பக்கட்ட வேலை பெரும்பாலும் சிறு நிறுவனங்களின் தோளில்.

பிரிட்டனின் சந்தா முறை எப்படி?

எத்தனை குப்பி பயன்பட்டது என்று பார்க்காமல், மருந்து தயாராக இருப்பதற்கே ஆண்டுத் தொகை தருவது. 2022-ல் செஃபிடெரோகால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் இரண்டுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை, பத்தாண்டு வரை என்று ஒப்பந்தமானது. 2024-ல் திட்டம் விரிவாகி, தகுதிக்கேற்ப ஆண்டுக்கு 2 கோடி பவுண்டு வரை என்றானது. தீயணைப்பு நிலையத்துக்குத் தீ எத்தனை பிடித்தது என்று எண்ணியா சம்பளம் தருகிறோம்?

அமெரிக்காவில் இதே நோக்கமுள்ள பாஸ்டர் சட்ட முன்வடிவு பலமுறை அறிமுகமாகியும் நிறைவேறவில்லை. மிகப் பெரிய சந்தை சேராதவரை பிரிட்டன் தொகை மட்டும் ஒரு நிறுவனத்தைத் தாங்காது. கார்ப்-எக்ஸ் போன்ற அமைப்புகள் ஆரம்ப ஆராய்ச்சிக்குப் பணம் தருகின்றன. 2020-ல் மருந்து நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 100 கோடி டாலர் நிதியமும் தொடங்கின. இவை மருந்தை வாசல் வரை தள்ளிக் கொண்டுவரும். வாங்க ஆளில்லை என்றால் வாசலிலேயே நின்றுவிடும். அக்கேயோஜெனுக்கு நேர்ந்தது அதுதான்.

இந்தியாவில் நோயாளி இவ்வளவு பேர் இருந்தும் சந்தை இல்லையா?

தேவை இருக்கிறது, அதை நிறைவேற்றும் பணமும் சோதனை வசதியும் இல்லை. 2019-க்கான தரவுகளை வைத்து எட்டு நாடுகளை ஆராய்ந்த, ஆன்டிபயாடிக் உருவாக்கத்துக்கான லாப நோக்கற்ற ஜி.ஏ.ஆர்.டி.பி. அமைப்பின் 2025 ஆய்வு, கார்பபெனத்துக்கு மசியாத கிராம்-நெகட்டிவ் தொற்று இந்தியாவில் ஏறக்குறைய பத்து லட்சம் என்று மதிப்பிட்டது. பொருத்தமான மருந்து கிடைத்தவர்கள் 7.8 சதவீதம். அளவுக்கு மீறி ஆன்டிபயாடிக் விழுங்கும் நாடு என்ற பேச்சுக்கிடையே, உண்மையாகவே தேவைப்படுபவருக்கு மருந்து எட்டாத இந்தக் கணக்கு அடிபட்டுப்போகிறது.

விலை குறைய ஒரு வழி திறந்திருக்கிறது. ஷியோனோகி 2022-ல் ஜி.ஏ.ஆர்.டி.பி.யோடு செஃபிடெரோகாலுக்கு உரிம ஒப்பந்தம் செய்தது. 135 நாடுகளுக்கான அந்த ஏற்பாட்டில் தயாரிப்பாளராகத் தேர்வானது ஆர்கிட். கட்டமைப்பு சிக்கலானதால் மாற்று உற்பத்தி தொடங்கவே ஆண்டுகள் பிடிக்கும் மருந்து அது. வந்தாலும், இரும்பு நீக்கிய ஊடகத்தில் சோதிக்கத் தெரிந்த ஆய்வகம் மாவட்டத் தலைநகரங்களில் இல்லையென்றால் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

வரும் ஆண்டுகளில் எவற்றைக் கவனிக்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 கணக்குப்படி மனிதச் சோதனையில் 90 பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள். அவற்றில் புதுமையானவை 15. ‘மிக அவசர’ கிருமி ஒன்றையாவது தாக்குபவை அந்தப் பதினைந்தில் 5. புற்றுநோய் மருந்துகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

அவற்றில் ரோஷின் சொசுரபால்பின்மீது கண் வைக்கலாம். லிப்போபாலிசாக்கரைடை உள்ளிருந்து வெளிச்சவ்வுக்குக் கடத்தும் புரதப் பாலத்தை அது அடைத்துவிடுகிறது. அனுமதி பெற்ற எந்த மருந்தும் தொடாத இலக்கு. அசினிடோபாக்டரை மட்டுமே கொல்லும் என்பதால் குடலின் நல்ல கிருமிகள் தப்பும். ஆனால் நுரையீரலில் இருப்பது அசினிடோபாக்டர்தான் என்று சில மணி நேரத்துக்குள் சொல்லும் சோதனை பக்கத்தில் இருந்தால்தான் இதைத் தொடங்க முடியும். சாதாரண கல்ச்சருக்கு இரண்டு, மூன்று நாள் ஆகிறது. ஐசியு நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் இருப்பதில்லை.